நாலாவது நாற்காலி

ஹாஜியார் மஸ்ருகின் வீட்டில் விருந்து எதற்கு என்று கேட்காமலே வெனிங் போய் உட்கார்ந்துவிட்டாள். நோன்புக்கு முந்தின மாதம் அது. ஜாவாவில், பிளிதார் பக்கத்தில் அந்த மாதம் நாளுக்கொரு வீட்டில் பாய் விரிப்பார்கள், ஓதுவார்கள், சோறு போடுவார்கள். யாரோ செத்தவர்களுக்காக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். தன் தொழிலுக்கு முட்டை கொடுக்கிற மனிதர் கூப்பிட்டால் போகாமல் இருக்க முடியுமா?

ஆண்கள் முன்கூடத்தில் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள், நடுவில் கோபுரமாகக் குவித்த மஞ்சள் சோறு. பெண்களெல்லாம் உள் அறையில். ஓதுகிறவர் தொண்டையைச் செருமிவிட்டு, வீட்டுக்காரர் இன்ன காரியத்துக்காக நம்மை அழைத்திருக்கிறார் என்று வழக்கப்படி அறிவித்தார்.

"நம்ம ஹாஜியாரோட மருமகன் திரிஸ்னோவுக்கு மாலாங்ல கம்ப்யூட்டர் கம்பெனியில வேலை கெடைச்சிருக்கு. கம்பெனி நடத்துற வெனிங் அம்மாவும் இங்க வந்திருக்காங்க. அவங்க தொழிலும் இவரு வேலையும் நல்லா வெளங்கணும்னு எல்லாரும் துஆ கேளுங்க."

"ஆமீன்" என்றது கூடம்.

உள்ளே பெண்கள் வெனிங்கைத் திரும்பிப் பார்த்தார்கள். பக்கத்திலிருந்த ஒரு கிழவி அவள் தொடையைத் தட்டி, "நல்ல மனசும்மா உனக்கு" என்றாள். வெனிங் சிரித்தாள். அவளைக் கேட்காமலே அவள் வாய் சிரித்தது. அதே வாய் அடுத்த துஆவுக்கு ஆமீனும் சொன்னது.

அப்படி ஒரு வேலையை அவள் யாருக்கும் கொடுக்கவில்லை. போன மாதம் கோழிக்கூண்டு ஓரமாக நின்று பேசிக்கொண்டிருந்தபோது ஹாஜியார் போகிறபோக்கில் கேட்டார். "எம் மருமகனுக்கு உன் ஆபீசுல ஒரு நாற்காலி போட்டுக் கொடேன் புள்ள." அவள், "பாக்கலாம் ஹாஜியார், நேரம் கூடி வரட்டும்" என்றாள். ஜாவாக்காரர் யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், அது முடியாது என்பதற்கான பதில். முகத்துக்கு நேரே முடியாது என்று யாரும் சொல்வதில்லை. ஹாஜியாருக்கும் அது தெரியாதது இல்லை. ஆனால் அந்த வட்டாரத்திலேயே பெரிய பண்ணை அவருடையது. தனக்குப் பிடித்த பக்கமாகவே எதையும் எடுத்துக்கொண்டு பழகியவர். எடுத்துக்கொண்டார், ஊரைக் கூப்பிட்டுச் சோறும் போட்டுவிட்டார்.

கிளம்பும்போது ஹாஜியாரின் மனைவி வீட்டுக்குக் கொண்டுபோகச் சோற்றுப் பெட்டி கொடுத்தாள். மற்றவர்களுக்கெல்லாம் ஒன்று, வெனிங்குக்கு இரண்டு. அதையும் வாங்கிக்கொண்டாள். வாங்கிய பிறகு பேசுவதற்கு என்ன இருக்கிறது?

மலைப்பாதையில் மாலாங்குக்கு வண்டி ஓட்டிக்கொண்டு வரும்போது இரண்டு பெட்டியும் வண்டியில் ஆடிக்கொண்டே வந்தன.

கம்பெனி என்று சொன்னாலும் அது கல்லூரிக்குப் பின்தெருவில் ஒரு வாடகை வீடு. முன்னறையில் நாலு மேசை. வெனிங், சத்ரியோ, லாராஸ் என்று மூன்றே பேர். பிளிதார் பண்ணைகளிலிருந்து முட்டையை நேராக மாலாங் கடைகளுக்குக் கொண்டுவருகிற வேலை. கடைக்காரர் போனில் அவர்களுடைய ஆப்பைத் திறந்து இத்தனை தட்டு முட்டை வேண்டும் என்று அழுத்தினால் மறுநாள் காலையில் வண்டி கடை வாசலில் நிற்கும். ஆப்பை எழுதியது சத்ரியோ. கடைக்காரர்களைப் பிடித்தது லாராஸ். பண்ணைக்காரர்களையும் முதல் போட்டவர்களையும் பார்த்துக்கொள்வது வெனிங்.

நாலாவது மேசை காலியாகக் கிடந்தது. இன்னும் ஒரே ஒரு ஆளுக்குத்தான் சம்பளம் கொடுக்க முடியும். அந்த ஒரு ஆள் யார் என்பதை வெனிங் ஏற்கெனவே முடிவு செய்திருந்தாள்.

அவள் பெயர் தியூர்மா. சுமத்ராவில் மேடான் பக்கத்து பாத்தாக் இனத்துப் பெண். ஜகார்த்தாவில் பெரிய கம்பெனியில் வேலை பார்த்துவிட்டு, கணவனுக்கு இங்கே கல்லூரியில் வாத்தியார் வேலை கிடைத்ததால் மாலாங்குக்கு வந்தவள். பார்க்க வந்த அன்றைக்குத் தேநீரைக்கூடத் தொடாமல், "முதல்ல ஆப்போட புரோகிராமைக் காட்டுங்க" என்றாள். சத்ரியோ கம்ப்யூட்டரை அவள் பக்கம் திருப்பி வைத்தான். வெகுநேரம் படித்துக்கொண்டே இருந்தாள்.

"யாரு எழுதினது?"

சத்ரியோ பள்ளிக்கூடத்துப் பையன் போலக் கையைத் தூக்கினான்.

"தனியாளாவா?"

"ஆமா."

"அப்ப நீங்க கெட்டிக்காரர்தான். ஆனா இது பெருநாளைக்குப் படுத்துடும்."

அந்த அறையில் யாரும் யாரிடமும் அப்படிப் பேசியதே இல்லை.

"ரெண்டு கடைக்காரர் ஒரே நேரத்துல அழுத்தினா, ஒரே தட்டை ரெண்டு பேருக்கும் வித்துடுது" என்றாள் தியூர்மா. "இப்ப கூட்டம் இல்ல, அதனால வெளிய தெரியல. பெருநாள் வந்தா வீட்டுக்கு வீடு பலகாரம் சுடுவாங்க. எல்லாக் கடையும் ஒண்ணா அழுத்தும். இல்லாத முட்டைய வித்துட்டு நிப்பீங்க." அவள் சத்ரியோ பக்கம் திரும்பினாள். "இது உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்" என்றான் அவன் மெதுவாக.

வெனிங்குக்குத் தூக்கிவாரிப்போட்டது. "தெரியுமா? வாரா வாரம் கேட்டேனே, எல்லாம் சரியா இருக்கான்னு?"

"நீங்க கேக்கும்போதெல்லாம் ரொம்ப சந்தோஷமா இருந்தீங்கக்கா. எப்படிச் சொல்றது?"

வெனிங்குக்கு விஷயம் புரிந்தது அந்த நேரத்தில்தான். சத்ரியோ எதைக் கேட்டாலும் செய்துவிடலாம் என்பான். லாராஸ் கடைக்காரர் கேட்டதற்கெல்லாம் தலையாட்டிவிட்டு வருவாள். தானோ பண்ணைக்காரரிடம் சிரித்துக்கொண்டே நிற்கிறாள். மூன்று பேரும் ஒரே அச்சில் அறுத்த செங்கல். ஒருவருக்கொருவர் நோகாமல், சத்தமே இல்லாமல் சுவரைக் கட்டிக்கொண்டு போகிறார்கள், சுவர் சாய்வதை ஒருவரும் சொல்வதில்லை. தியூர்மா போன பிறகு சத்ரியோதான் முதலில் வாயைத் திறந்தான். முகம் இன்னும் சிவந்திருந்தது. "அந்தம்மாவையே எடுங்கக்கா."

இப்போது அதே முன்னறையில் விருந்துக் கதையை வெனிங் சொல்லி முடித்தாள். இரண்டு சோற்றுப் பெட்டியும் மேசைமேல் இருந்தன. லாராஸ் ஒன்றைத் திறந்து கோழித்துண்டை எடுத்தாள்.

"வாங்காமலாச்சும் வந்திருக்கலாமேக்கா."

"நீயா இருந்தா வாங்காம வந்திருப்பியா?"

"நான் மூணு வாங்கியிருப்பேன்." லாராஸ் எலும்பைக் கடித்தாள். "சரி, ரெண்டு பேரையும் எடுத்துக்கலாம்."

"சம்பளத்துக்கு நீ முட்டை போடுவியா?" என்றான் சத்ரியோ.

யாருக்கும் பெரிதாகச் சிரிப்பு வரவில்லை. அவர்களுக்கு வருகிற முட்டையில் பெரும்பங்கு ஹாஜியார் பண்ணையிலிருந்துதான். திரிஸ்னோவை வேண்டாம் என்றால் முட்டை போகும். தியூர்மாவை வேண்டாம் என்றால் பெருநாளுக்குப் பெயரே போகும். கடைக்காரர் ஒருமுறை ஏமாந்தால் அந்த ஆப்பை அழித்துவிட்டுப் பழைய முட்டைத் தரகனிடமே போய்விடுவார். எந்தப் பக்கம் திரும்பினாலும் அடி.

வெனிங் ஒரு வழி யோசித்தாள். யோசித்தபோது அது கெட்டிக்காரத்தனமாகத்தான் தெரிந்தது. தியூர்மாவை ஆபீசுக்கு வரச் சொல்லி, விருந்துக் கதையைச் சொன்னாள்.

"வேலை உங்களுக்குத்தான். அதுக்கு முன்னாடி ஒரே ஒரு உதவி. எங்கூட பிளிதாருக்கு வாங்க. முடியாதுன்னு ஹாஜியார்கிட்ட நீங்க சொல்லிடுங்க. நீங்க மேடான்காரங்க, நேராப் பேசினா யாரும் தப்பா எடுத்துக்க மாட்டாங்க."

தியூர்மா பக்கத்து வீட்டுக்குக் கேட்கிற மாதிரி சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டாள்.

"எங்க ஊர்ல எல்லாரும் சத்தமாப் பேசுவோம். அதுக்காகக் கூலிக்குச் சண்டை போட வர்றதில்ல."

"சண்டை இல்ல, சும்மா..."

"வெனிங், நான் இன்னும் சேரவே இல்ல. அதுக்குள்ள கஷ்டமானது எம் பக்கம் தள்ளியாச்சு. சேர்ந்த பிறகு என்ன ஆகும்? கடைக்காரரத் திட்டணும்னா தியூர்மா. சத்ரியோவ வெரட்டணும்னா தியூர்மா. நீங்க மூணு பேரும் நல்லவங்களா இருப்பீங்க, நான் மட்டும் ராட்சசி. எனக்குப் புரோகிராம் எழுதத் தெரியும். உங்களுக்காக முடியாதுன்னு சொல்றது எனக்கு உத்தியோகம் இல்ல."

வெனிங் அவளுக்காக வைத்திருந்த தேநீரை அவள் பக்கம் நகர்த்தினாள்.

"இன்னொரு எடத்துலயும் கூப்பிட்டிருக்காங்க" என்றாள் தியூர்மா, கொஞ்சம் இறங்கிய குரலில். "எனக்கு இங்கதான் பிடிச்சிருக்கு. அந்தப் பையன் நல்லா எழுதுறான். நீங்களே போய்ச் சொல்லிட்டு எனக்குப் போன் பண்ணுங்க. மறுநாள் காலையில வந்து உக்காந்துடறேன். இந்த வாரத்துக்குள்ள பண்ணுங்க."

ஆக வெனிங் தனியாகத்தான் மலையேறினாள். வழியெல்லாம் சொல்ல வேண்டியதை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தாள். ஒவ்வொரு முறையும் கடைசியில் அது 'பாக்கலாம்' என்றே போய் முடிந்தது.

பண்ணையில் ஹாஜியார் இல்லை. பள்ளிவாசலுக்குப் போயிருக்கிறார், வந்துவிடுவார் என்றார்கள். வீட்டுக்குப் பின்னால் திரிஸ்னோ இருந்தான். சுற்றிலும் பறவைக் கூண்டுகள், கருப்பும் செம்மஞ்சளுமாக நீளவால் பாட்டுக்குருவிகள். ஒரு கூண்டுக்குள் கைவிட்டு வெட்டுக்கிளி ஊட்டிக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் ஜெயிலுக்குக் கூட்டிப்போக ஆள் வந்துவிட்டது போல எழுந்து நின்றான்.

"எப்ப வந்து சேரணும்க்கா?"

"உங்களுக்கு எப்ப வசதி தம்பி?"

"உங்க இஷ்டம்."

"அவசரம் ஒண்ணுமில்ல."

"சரிக்கா. நீங்க சொன்னா சரி."

இருவரும் நின்றார்கள். ஒரு குருவி பாட ஆரம்பித்தது. சும்மா கீச்சிடவில்லை, ஏறி இறங்கி, தவளை மாதிரியும் தண்ணீர் சொட்டுகிற மாதிரியும் மாற்றி மாற்றிப் பாடியது. திரிஸ்னோவின் முகமே மாறிப்போனது. "பாட்டுப் போட்டியில முதல் பரிசு வாங்கினவன் மகன் இவன். சுரபாயாக்காரர் ஒருத்தர் இவனுக்காக ரெண்டு தடவை வந்துட்டுப் போயிட்டார். கொடுக்க மனசு வரல."

வெனிங் குருவியைப் பார்த்தாள், பிறகு அவனைப் பார்த்தாள்.

"தம்பி, நேராவே கேக்கறேன். உங்களுக்கு இந்த வேலை வேணுமா?"

"மாமா வேணும்னார்."

"நான் உங்களைத்தான் கேட்டேன்."

அவன் வீட்டுப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "வேணாம்க்கா. இதுல நல்லாவே சம்பாதிக்கிறேன். ஆனா மருமகன் என்ன பண்றான்னு யாராச்சும் கேட்டா, குருவி வளக்குறான்னு சொல்ல மாமாவுக்கு வெக்கம்."

"அட பாவி. இதை அவர்கிட்டச் சொல்றதுக்கென்ன?"

"நீங்க சொல்லிடுவீங்கன்னு இருந்தேன்க்கா. விருந்தன்னைக்கு நீங்க எந்திரிச்சு இல்லன்னு சொல்லிட மாட்டீங்களான்னு வாசல்ல நின்னு பாத்துக்கிட்டே இருந்தேன். நீங்க ஆமீன் சொன்னீங்க."

இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் சிரிப்பு வந்தது. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். வெனிங்குக்கு மனசு லேசானது. வந்த காரியம் தானாகவே முடிந்த மாதிரி இருந்தது. உங்கள் மருமகனுக்கே விருப்பமில்லையாம் என்று சொல்லிவிட்டால் போதுமே!

அவள் நினைப்பது அவனுக்குத் தெரிந்துவிட்டது போலும். சிரிப்பு நின்று முகம் வெளுத்தது. "எம் பேரை மட்டும் இழுத்துடாதீங்கக்கா. அவர் வீட்ல, அவர் பொண்ணோட இருக்கேன். உங்களுக்கு முட்டை போனா வேற பண்ணை பாப்பீங்க. நான் வேற மாமனாருக்கு எங்க போவேன்?"

"சொல்ல மாட்டேன்" என்றாள். சொன்ன பிறகுதான் எவ்வளவு பெரிய சுமையைத் தலையில் ஏற்றிக்கொண்டோம் என்று தெரிந்தது.

ஹாஜியார் வந்து, முட்டை பிரிக்கிற கொட்டகையில் மரப்பெஞ்சில் உட்கார்ந்தார். ஒவ்வொரு முட்டையாக எடுத்து விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்துத் தட்டில் வைத்தார். ஆள் வைத்துச் செய்கிற வேலைதான், ஆனாலும் தினமும் கொஞ்ச நேரம் அவர் கை அதில் படும். காபி வந்தது. வெனிங் தொடவில்லை.

"குடி புள்ள."

"அப்புறம் குடிக்கிறேன் ஹாஜியார். ஒண்ணு சொல்லணும்." கோப்பையைத் தள்ளி வைத்தாள். "திரிஸ்னோவ நான் வேலைக்கு எடுக்கல. அந்த எடத்துக்கு வேற ஒருத்தங்க வர்றாங்க."

ஹாஜியார் முட்டையைத் திருப்பிப் பார்த்தார். "பெருநாள் கழிச்சு எடுத்துக்கறேங்கிறியா?"

"இல்ல. அப்பவும் இல்ல."

"ஏதாச்சும் சின்ன வேலையா..."

"சின்ன வேலையும் இல்ல."

கொட்டகைக்கு வெளியே ஆயிரக்கணக்கான கோழிகளின் ஒரே கொக்கரிப்பு. உள்ளே முட்டை தட்டில் உட்காரும் சத்தம் மட்டும்.

"அவனுக்கு என்ன கொறை?"

"ஒரு கொறையும் இல்ல. எங்களுக்கு வேண்டிய ஆள் வேற."

"இது உனக்கு எப்பத் தெரியும்?"

பொய் சொல்ல ஒரு நல்ல இடம் அது. நேற்றுத்தான் முடிவானது, முதல் போட்டவர்கள் சொல்லிவிட்டார்கள், என்ன செய்ய என்று வாய் தயாராகவே இருந்தது.

"நீங்க கேட்ட அன்னைக்கே தெரியும்."

முட்டையைக் கீழே வைத்தார். "அன்னைக்கே தெரிஞ்சுதான் எங்க வீட்டுக்கு வந்து சோறு தின்னியா? ஊரே கேக்க ஆமீன் சொன்னியா?"

"ஆமா. அது தப்பு. அங்கயே எந்திரிச்சுச் சொல்லியிருக்கணும். வாய் வரல."

"ஊரக் கூப்பிட்டு ஓதிச் சோறு போட்டவன் நான். நாளைக்கு எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் பள்ளிவாசலுக்குப் போறது?"

"என்னைச் சொல்லுங்க ஹாஜியார். மாலாங்காரி வாக்குத் தவறிட்டான்னு சொல்லுங்க."

"வேற என்னத்தச் சொல்லப் போறேன்? அதைத்தான் சொல்லுவேன்." அவர் துண்டால் முகத்தைத் துடைத்தார். கோபத்தில் கத்துகிற மனிதர் அல்ல. மறுபடி முட்டையை எடுத்தார். "சரி. கெளம்பு. நாளைக்கு முட்டை ஏத்த உன் வண்டி வருமே, பாக்கலாம்."

வெனிங் எழுந்துவிட்டாள். வாசல் வரைக்கும் வந்தும்விட்டாள். அந்தப் 'பாக்கலாம்' அவளை அங்கேயே பிடித்து நிறுத்தியது. இதைக் கட்டிக்கொண்டு ஊருக்குப் போனால் நாளைக் காலை லாராஸ் கடைக்காரர்களிடம் என்ன சொல்வாள்? திரும்பி வந்தாள்.

"ஹாஜியார், முட்டைய நிறுத்தப் போறீங்களா? நேராச் சொல்லிடுங்க. நிறுத்தினா நிறுத்தறேன்னு சொல்லுங்க, நான் வேற ஏற்பாடு பண்ணிக்கறேன்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். இப்படிக் கேட்டதற்கு அவர் கோபப்பட்டிருக்கலாம். அந்த வயசு மனிதரை அந்த ஊரில் யாரும் இப்படிக் கேட்பதில்லை. அவர் கொஞ்சநேரம் யோசித்தார். நிஜமாகவே கணக்குப் போட்டார் என்று முகத்தில் தெரிந்தது.

"பாதிய நிறுத்துவேன். நாளையிலேருந்து. தரகன் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கான், அவனுக்குப் போடறேன்."

"மீதிப் பாதி தவறாம வருமா?"

"வரும்னா வரும். நான் உன்னை மாதிரி இல்ல."

"சரி ஹாஜியார்" என்றாள். ஆறிப்போயிருந்த காபியை நின்றபடியே குடித்தாள். சர்க்கரை அடியில் தங்கியிருந்தது. அவர் தடுக்கவில்லை, உட்காரவும் சொல்லவில்லை.

வெளியே கூண்டு மறைவில் திரிஸ்னோ நின்றிருந்தான். அவள் அவனைப் பார்க்காத மாதிரி வண்டியில் ஏறினாள். மலையடிவாரத்தில் இறைச்சி உருண்டை சூப் விற்கிற ஒரு பக்ஸோ கடையோரம் நிறுத்தி, தியூர்மாவுக்குப் போன் போட்டாள்.

"சொல்லிட்டேன்."

"என்னன்னு சொன்னீங்க?"

"முடியாதுன்னு. அப்புறமும் முடியாதுன்னு. பாதி முட்டை போச்சு."

"பாதி இருக்குல்ல" என்றாள் தியூர்மா. "காலையில வர்றேன். உங்க ஆபீஸ் டீ நல்லா இல்ல, நானே தூள் கொண்டாந்துடறேன்."

சொன்னபடி காலையில் வந்தாள். ஹெல்மெட்டை ஆணியில் மாட்டிவிட்டு நாற்காலியை இழுத்துச் சத்ரியோ பக்கத்தில் போட்டுக்கொண்டாள். அரைமணி நேரத்துக்குள் இருவரும் சண்டை போட்டார்கள். இரட்டை விற்பனையை இந்த வாரமே சரிசெய்ய வேண்டும் என்றாள் அவள். சத்ரியோ வழக்கம்போல "செஞ்சிடலாம்" என்றான். "செஞ்சிடலாம் வேண்டாம், முடியுமா முடியாதா?" என்றாள். அவன் வெனிங்கைப் பார்த்தான். வெனிங் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "இந்த வாரம் முடியாது" என்றான், கெட்ட வார்த்தை பேசிவிட்ட மாதிரி. "சரி, அப்ப எந்த வாரம்?" என்று அவள் அடுத்த கேள்விக்குப் போய்விட்டாள். ஒன்றும் இடிந்து விழவில்லை என்பதில் சத்ரியோவுக்கே ஆச்சரியம்.

முட்டைப் பக்கம் நிலைமை மோசமாகத்தான் இருந்தது. வண்டி பாதி நிறைந்துதான் வந்தது. பிளிதாரில் சின்னச் சின்னப் பண்ணைகள் நிறைய உண்டு, ஹாஜியாருக்குப் பயந்து இதுவரை இவர்களோடு சேராதவர்கள். அவர்களில் யார் யாரைப் போய்ப் பார்ப்பது என்று வெனிங் ஓட்டுநரிடம் விசாரித்துக்கொண்டிருந்தாள். சிலர் சேரலாம். சிலர் அவள் முகத்திலேயே விழிக்காமல் போகலாம். பள்ளிவாசலில் கதை பரவியிருக்கும்.

மூலையில் லாராஸ் போனும் கையுமாக நின்றாள். பெரிய கடைக்காரி ஒருத்தி, குரல் அறை முழுக்கக் கேட்டது. லாராஸ் கண்ணை மூடிக்கொண்டாள்.

"இல்லம்மா, நாளைக்கு உங்களுக்குப் பாதிதான்... இல்ல, முழுசா வராது... இல்லம்மா, சாயங்காலமும் வராது." போனைக் காதிலிருந்து சற்றுத் தள்ளிப் பிடித்தாள். திட்டு முடிகிறவரை காத்திருந்தாள். பிறகு வைத்தாள். காது சிவந்து போயிருந்தது.

"என்னவாம்?" என்றாள் வெனிங்.

"எங்கம்மா வரைக்கும் போயிட்டு வந்தாங்க. கடைசியில, நாளன்னைக்காவது முழுசா வருமான்னு கேட்டாங்க."

"நீ என்ன சொன்ன?"

"தெரியலன்னேன். தெரிஞ்சா நானே கூப்பிட்டுச் சொல்றேன்னேன்." லாராஸ் அடுத்த எண்ணைத் தேடினாள். "சரின்னு வச்சுட்டாங்கக்கா."